மணலை மீனின் ஈரல்

விஷம் தேடுவது என் பிழைப்பு. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் காய்கறி, கடலை, மீன் என்று வருவதையெல்லாம் அரைத்து, சாறெடுத்து, இயந்திரத்தில் ஏற்றி, அதில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பது என்ன, எவ்வளவு என்று சொல்பவன். இந்த வேலைக்கு வந்த பிறகு வெளியில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வேர்க்கடலைச் சட்னியைப் பார்த்தால் பூஞ்சணம் ஞாபகம் வரும். கீரையைப் பார்த்தால் பூச்சிமருந்து. என் மனைவி என்னோடு ஓட்டலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவனைத்தான் சுகந்தி மட்டக்களப்புக்கு அழைத்தாள். சென்னையில் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள், இப்போது அங்கே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளர்.

"ரவி, வாவியில ஒரு பக்கம் பச்சையாப் படர்ந்து கிடக்கு. கொஞ்சம் மீன் செத்து மிதந்திச்சு. ஆரோ படம் புடிச்சுப் போட்டுட்டாங்க. இப்ப ஒருத்தரும் வாவி மீன் வாங்குறாங்க இல்ல. நஞ்சு இரிக்கா இல்லையா எண்டு சரியாப் பாத்துச் சொல்ல எனக்கு ஆள் வேணும்" என்றாள் போனில்.

வாவி என்று அவள் சொன்னது மட்டக்களப்பின் கடற்கழியை. நீரில் படரும் பாசிகளில் ஒரு வகை, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது போய்த் தங்குகிற இடம் ஈரல். மீனின் ஈரலில் முதலில், பிறகு மீனைத் தின்பவரின் ஈரலில். அதைப் பிரித்து எடைபோடும் இயந்திரம் கொழும்பில் ஒரு நண்பரின் கூடத்தில் இருந்தது. மாதிரிகளை எடுத்து, வந்தாறுமூலையில் சாறாக்கி, கொழும்புக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது என்று திட்டம். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நாள் சுகந்தி என்னை வாவிக்கு அக்கரையில் இருக்கும் கல்லடிக்கு அழைத்துப் போனாள். பாலத்தைத் தாண்டும்போது ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் பளபளவென்று கிடந்தது. எங்கள் ஊர் அடையாற்றுப் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற எனக்கு, இந்தத் தண்ணீரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கரையோரமாக அந்தப் பச்சை தெரிந்தது. அரைத்த கொத்தமல்லிச் சட்னியைக் கரைத்து ஊற்றியது போல் இருந்தது.

வாவியோரம் அந்தோனி அண்ணனின் வீடு. தோணியில் போய் வீச்சுவலை வீசுகிறவர், அதிகம் பேசாதவர். பேச்சுக்கெல்லாம் அவர் மனைவி றீற்றா அக்கா. மகள் டிலானி நிறைமாதமாக வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கத்தாரில் வேலை செய்கிறான்.

"வாங்க சேர், இரிங்க" என்றார் றீற்றா அக்கா. எங்கள் ஊரில் 'சார்' என்பது இங்கே 'சேர்'. உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார். "மீன் விக்க ஏலாமப் போயிற்று. அது போகட்டும். வீசாமலும் இரிக்க ஏலாது சேர், புடிக்கிறத நாங்கதான் தின்னுறம். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. என்ட மகளுக்கு இந்த மீனைக் குடுக்கலாமா, கூடாதா?"

"பார்த்துத்தான் அக்கா சொல்லணும்" என்றேன்.

"பாத்துச் சொல்லுங்க. அதுக்கு முதல் சாப்பிடுங்க."

மேசையில் சோறு, பருப்பு, பால்சொதி, சிவக்கச் சிவக்க ஒரு மீன்குழம்பு. வாவி மீன்தான். மணலை என்றார்கள். நம் ஊரில் மடவை. பாசியை மேய்ந்து பிழைக்கிற மீன். அந்தப் பச்சைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாசி மேயும் மீனைப் பிடித்துக் குழம்பு வைத்து எனக்குப் பரிமாறுகிறார்கள். வாசம் ஆளைத் தூக்கியது. கை மட்டும் நீளவில்லை.

"வயிறு சரியில்லைக்கா. காலையிலிருந்தே" என்றேன். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவள் வீட்டில் நான் ஆறு இடியப்பம் தின்றதை எண்ணியவள் அவள்.

றீற்றா அக்கா வற்புறுத்தவில்லை. குழம்பை மூடிவைத்துவிட்டு, பால் சேர்க்காத பிளேன்ரீயும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். நான் பழத்தை உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தோனி அண்ணனும் பக்கத்துத் தோணிக்காரர்கள் சிலரும் பிடித்த மணலைகளை வந்தாறுமூலைக்கு அனுப்பிவைப்பதாக ஏற்பாடு. சொன்னபடி ஐஸ் பெட்டி வந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தேன். உள்ளே மீன்கள் செதில் சீவி, வயிறு கீறி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவிக் கழுவி, வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. நம் வீட்டு விசேஷத்துக்குக் கூட யாரும் இவ்வளவு சுத்தமாக மீன் தந்ததில்லை.

"ஐயோ! ஈரல் எங்கே?" என்றேன்.

பெட்டியைக் கொண்டுவந்த ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "றீற்றா அக்கா எல்லாற்ற மீனையும் வாங்கித் தன்ட கையாலதான் கழுவிக் குடுத்தா சேர். படிச்ச ஆக்களுக்குப் போறது, குடலோட அனுப்பினா மரியாத இல்ல எண்டு சொன்னா."

தவறு என்னுடையது. முழு மீனாக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினால் சட்டியில் போடுகிற மாதிரிதான் கொடுத்தனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மீனைக் குடலோடு கேட்பவனும் உண்டு என்பது அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

"எடுத்த ஈரலையெல்லாம் எறிஞ்சிட்டாவா?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஏன் எறியிறா? ஈரலும் சினையும் புள்ளத்தாச்சிக்கெல்லோ. டிலானிக்குப் பொரிச்சுக் குடுக்கிறதுக்கு எடுத்து வெச்சிரிக்கா. எங்கட ஆக்கள் அத வேற ஆருக்கும் குடுக்க மாட்டாங்க."

நானும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நஞ்சு என்று ஒன்று இருந்தால் அது சேர்கிற இடம் ஈரல். ஒரு மீனின் ஈரல் அல்ல, இத்தனை தோணிகளின் மீன்களிலிருந்து எடுத்த ஈரல் முழுவதும் ஒரு கர்ப்பிணியின் தட்டுக்குப் போகிறது. அதுவும் எனக்காகப் பிடித்த மீன்களின் ஈரல்.

சுகந்தி றீற்றா அக்காவுக்குப் போன் செய்தாள். "அடிக்குது, எடுக்குறாங்க இல்ல" என்றாள். மறுபடி செய்தாள். அந்தோனி அண்ணனின் போன் அணைந்திருந்தது. நான் கையுறையைக் கூடக் கழற்றாமல் அதே ஓட்டோவில் ஏறினேன்.

சென்னை ஆட்டோக்காரர்கள் என்னிடம் திட்டு வாங்காத நாளில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் அன்று எனக்குக் கிடைத்திருக்கலாம் என்று ஏங்கினேன். இவர் மாடு குறுக்கே வந்தால் நிறுத்தி, மாடு யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். ஏறாவூர் தாண்டியதும் பின் டயர் உஸ்ஸென்று இறங்கியது. "பயப்படாதீங்க சேர், மாத்து டயர் இரிக்கு" என்றார். மாற்று டயர் இருந்தது, அதிலும் காற்றில்லை. நடுத்தெருவில், நீலக் கையுறையோடு, வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு நின்றேன். எவனோ பிரசவம் பார்க்கப் போகிற டாக்டர் என்று நினைத்து ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

வீட்டுக்குள் ஓடினபோது டிலானி கைகழுவிக்கொண்டிருந்தாள். தட்டில் பொரியல் எண்ணெய் மட்டும் மிச்சம்.

"ஈரல் சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"ஓம் சேர். ஏன்?"

மூச்சு வாங்கியது. "முடிவு தெரியும்வரை ஈரல் வேண்டாம். மீனே வேண்டாம்" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

றீற்றா அக்கா சமையலறையிலிருந்து வந்தார். என் கையுறையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நேத்து நீங்க வந்தநேரம் வயித்துக்குச் சரியில்ல எண்டது பொய்தானே சேர்?"

நான் கையுறையைக் கழற்றினேன்.

"நஞ்சு எண்டு நினைச்சுத்தான் தின்னல்ல. என்ன? நீங்க தின்னாம இரிந்திட்டீங்க. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே. இவள் நேத்து ராவும் திண்டவள், இண்டைக்கும் திண்டவள்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. டிலானி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சேர், நான் இவ்வளவு நாளும் திண்டனே. புள்ளைக்கு ஒண்டும் ஆகாதுதானே?" என்றாள்.

"தெரியலைம்மா" என்றேன். உண்மை அதுதான். பொய் சொல்ல எனக்கு அன்று தைரியமும் இல்லை. கிளினிக்கில் உடனே காட்டச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. என் உயிர் மட்டும் வெல்லக்கட்டியா என்ன?

அடுத்த நாள் விடிகாலையில் நானே கரையில் போய் நின்றேன். அந்தோனி அண்ணன் தோணியை ஒதுக்கியதும் ஒரு பலகையில் மீனைக் கிடத்தி, ஈரலைத் தனியே, சதையைத் தனியே எடுத்துக் குழாய்களில் போட்டு ஐஸில் புதைத்தேன். மற்றத் தோணிக்காரர்களும் தங்கள் மீனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவரும் அதிகம் பேசவில்லை. ஒரு சின்ன மீனின் வயிற்றை நான் அலங்கோலமாகக் கிழிப்பதைப் பார்த்து ஒருவர் மட்டும், "இவர் வீட்டில மனிசிதான் மீன் வெட்டுறா போல" என்றார். அந்தோனி அண்ணனுக்குக் கூடச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது மருந்தாக இருந்தது.

வந்தாறுமூலையில் சாறெடுத்தோம். இரண்டு தடவை கறண்ட் போனது. ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அந்த வாவியும் தோணிகளும் அத்தனை கவலையும், சுண்டுவிரல் உயரமுள்ள சில கண்ணாடிக் குப்பிகளில் அடங்கின. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். வழியில் எல்லோரும் சோத்துப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த இயந்திரம் செய்வதை இப்படிச் சொல்லலாம். கடைத்தெருவில் ஒரு கூட்டம் நுழைகிறது. சிலர் விறுவிறுவென்று நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார்கள். சிலர் கடைக்குக் கடை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு தாமதமாக வருவார்கள். சாற்றில் உள்ள சரக்குகளையும் அப்படி ஒரு நீண்ட, மெல்லிய குழாய்க்குள் அனுப்பினால் ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில்தான் வெளியே வரும். வருவதை வாசலிலேயே எடைபோட்டுவிடுகிறோம். நேரம், எடை இரண்டும் பொருந்தினால் ஆள் இன்னார் என்று அர்த்தம். திரையில் அது ஒரு மேடாக எழும்.

சதையில் மேடு எதுவும் எழவில்லை. கோடு நேராக ஓடியது. ஈரலில், நஞ்சின் எடையில், நஞ்சு வரவேண்டிய நேரத்தை ஒட்டி ஒரு மேடு எழுந்தது.

டிலானி வயிற்றில் வைத்த கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கூடத்து நண்பர், "அதேதான் போலிருக்கு" என்றார். எனக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. மனம் வராததால் நம்பாமல் இருக்கிறேனா, காரணத்தோடு நம்பாமல் இருக்கிறேனா என்றும் தெரியவில்லை. நேரத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. ஆனால் ஈரலின் கொழுப்பு நேரத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி அசைக்கக்கூடியது.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. ஈரல் சாற்றில் சுத்தமான நஞ்சை வேண்டுமென்றே சிறிது கலந்து மறுபடி ஏற்றுவது. இரண்டும் ஒன்றே என்றால் அதே மேடு உயரும். வேறு என்றால் பக்கத்தில் இன்னொரு மேடு முளைக்கும். ஏற்றினேன். ஒரே மேடுதான், கொஞ்சம் பருத்து வந்தது. பருத்தது என்றால் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் பருக்கும். ஓட்டத்தை மெதுவாக்கி, அவர்களை நிதானமாக நடக்கவிட்டு மறுபடி ஏற்றினேன். அது ஓடி முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மேடு எழுந்து, இறங்கி, தரையைத் தொட்டது. பிறகு இரண்டாவது மேடு தனியாக எழுந்தது. இரண்டாவதுதான் நான் கலந்த நஞ்சு. முதலாவது மீனின் சொந்தச் சரக்கு, ஏதோ பித்தநீர் சம்பந்தப்பட்டது. எடை ஒன்றாக இருந்தது, ஆள் வேறு. மற்ற ஈரல்களையும் அதே நிதானத்தில் ஓட்டினேன். ஒன்றிலும் நஞ்சைக் காணவில்லை.

நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். நண்பர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உடனே றீற்றா அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, சதையிலயும் இல்லை, ஈரல்லயும் காணவில்லை. மகளுக்குத் தாராளமாகக் கொடுங்க."

"காணல்ல எண்டா? நஞ்சு இல்லையா, இல்லாட்டி உங்களுக்குக் காணக் கிடைக்கல்லயா?"

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "இயந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு அக்கா. அதுக்குக் கீழே இருந்தால் தெரியாது. ஆனா அவ்வளவு கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் செய்யாது."

"சரி சேர்" என்றார். அந்தச் 'சரி'யில் சரி இல்லை.

கொஞ்ச நேரத்தில் சுகந்தி கூப்பிட்டாள். "கிளினிக்கிலயும் பயமில்ல எண்டு சொல்லிட்டாங்க. பச்சை மறுபடி கூடினா நான் மறுபடி மாதிரி அனுப்புறன், அதுக்கும் ஏற்பாடு செஞ்சிட்டன். ஆனா டிலானி அண்டையிலிரிந்து வெறும் சோறும் பருப்பும்தான் தின்னுறாள். பயந்துபோய்க் கிடக்குறாள். றீற்றா அக்கா என்ன சொல்றா தெரியுமா? 'அந்தச் சேர் தன்ட வாயில வைக்காத மீனை நான் என்ட புள்ளைக்கு வைக்க மாட்டன்' எண்டுறா."

மறுநாள் நான் சென்னைக்குப் போக வேண்டியவன். போகவில்லை. காலையில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினேன்.

பொலன்னறுவையில் ஏறிய இரண்டு சிங்களப் பெண்கள் முன் இருக்கையில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். என் பக்கத்தில் இருந்த இளைஞர் தானாகவே எனக்குத் தமிழில் சொன்னார்: "மட்டக்களப்புக்குப் போறது நல்லம், ஆனா மீனை மட்டும் வாங்கிறாத, தயிர் வாங்கிட்டு வா எண்டு சொல்றாங்க." அவர்களிடம் போய்க் குப்பிகளின் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன பயன்? நானே சாப்பிடாத மீன் அது.

கல்லடியில் இறங்கி நேரே அந்த வீட்டுக்கு நடந்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை.

"அக்கா, பசிக்குது" என்றேன்.

றீற்றா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வயிறு சரியா?"

"சரி."

"இரிங்க."

வேலியோரம் அக்கம்பக்கத்துத் தலைகள் கூடின. மேசையில் சோறு வந்தது, சொதி வந்தது, மணலைக் குழம்பு வந்தது. பிறகு ஒரு சின்னக் கோப்பையில் பொரித்த ஈரலும் சினையும் வந்தன.

"காலையில இவர் கேளாம வீசிக் கொண்டந்த மீன். எறிய மனம் வரல்ல, பொரிச்சு வெச்சன்" என்றார். "இது டிலானிக்குத்தான் வைக்கிறது. இண்டைக்கு உங்களுக்கு."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. டிலானி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இயந்திரம் காட்டிய நேர்கோடு எனக்குத் தெரியும். அந்த இரண்டு மேடுகளும் தெரியும். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் 'சாப்பிடலாம்' என்று கையெழுத்துப் போட்டவன், தன் கையெழுத்தைத் தானே தின்ன வேண்டிய நாள் அது. ஒரு ஈரலை எடுத்து வாயில் வைத்தேன். முதலில் லேசான கசப்பு. பிறகு மிளகு. பிறகு வெண்ணெய் மாதிரி கரைந்தது. விழுங்கினேன். றீற்றா அக்கா என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். ஒரு வாய், இன்னொரு வாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு உண்மையிலேயே பசித்தது. எதுவும் ஞாபகம் வரவில்லை. பூஞ்சணமும் வரவில்லை, பூச்சிமருந்தும் வரவில்லை. இரண்டாவது ஈரல் போனது. சினை போனது. மூன்றாவதுக்குக் கை நீட்டினேன்.

கோப்பை நகர்ந்தது. டிலானி மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்து, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் முடிச்சிராதீங்க சேர்" என்றாள். "அது என்ட பங்கு."